வருஷத்துக்கு அரை அடி வளர்ந்த கரடி

முப்பத்து நாலு வருஷம் அரசாங்கத்துக்குக் காணி அளந்த மனுசன் மகேந்திரராஜா. வேலியை ஓர் அங்குலம் தள்ளிப் போட்டவனைக்கூட விடாமல் கோட்டுக்கு இழுத்தவர். அப்பேர்ப்பட்டவருடைய கரடி மட்டும் வருஷத்துக்கு அரை அடி வளர்ந்தது. கனடாவில் மகன் நிரூபன் வீட்டில் நின்றுவிட்டு, அங்கே ஒரு கரடியை விரட்டிய கதையோடு திரும்பி வந்த கிழமை அதற்கு ஐந்தடி உயரம். அடுத்த வருஷம் ஐந்தரை. எட்டு வருஷம் கழித்து, உக்குவளை நலன்புரிச் சங்கம் ரிவர்ஸ்டன் மலைக்குச் சுற்றுலா போன அன்று, அது ஒன்பதடியைத் தொட்டது. ஆண்டவன் அவருக்கு இன்னும் கொஞ்சம் ஆயுளைக் கொடுத்தால் கரடிக்கு மாத்தளையில் நிற்க இடம் போதாது என்று ஊருக்குள் பேச்சு.

கரடி மட்டுமா? மகள் நிரஞ்சலாவைப் பார்க்க மெல்பேர்ன் போன இடத்தில் ஒரு கங்காருவோடு நேருக்கு நேர் நின்றாராம். நின்றது உண்மை. நடுவில் கம்பிவேலி இருந்ததும் கங்காரு நித்திரையாகக் கிடந்ததும்கூட உண்மை. லண்டனில் ஓர் அன்னம் அவருடைய தொப்பியைப் பறிக்க வந்ததாம், இவர் ஓர் அதட்டுப் போட்டாராம், அது பயந்து குளத்துக்குள் இறங்கிவிட்டதாம். இறங்கியதுதான், தொப்பியோடு! காது குளிர்ந்து மனுசன் மூன்று நாள் மூக்கொழுகத் தடிமனில் கிடந்தார். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த ஒரே சாட்சி அவருடைய மனைவி தங்கேஸ்வரி டீச்சர். அந்தச் சாட்சி வாய் திறக்காது என்ற துணிவில்தான் அவர் உலகத்து மிருகங்களையெல்லாம் இஷ்டத்துக்கு மேய்த்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் ஏன் வாய் திறப்பதில்லை? சங்கதியே அங்கேதான் இருக்கிறது.

டீச்சர் சுத்த சைவம். அதாவது, ஊர் அறியச் சுத்த சைவம். அம்மன் கோவில் மாதர் சங்கத்துக்குப் பதினொரு வருஷமாக அவர்தான் தலைவி. ஆடிப்பூரத்தன்று பெரிய பானையில் பொங்கல் வைக்கும்போது முதல் அகப்பை போட்டுக் கிண்டுகிறவள் தலைவி. அந்த அகப்பையைத் தொடுகிறவள் மச்சம் மாமிசம் தொடாதவளாக இருக்க வேண்டும் என்பது கோவில் கட்டு. டீச்சருக்கு அந்த அகப்பை என்றால் உயிர். பள்ளிக்கூடத்தில் வெண்கட்டியை வைத்துவிட்டு வந்த பிறகு அவர் கைக்குக் கிடைத்த ஒரே அதிகாரம் அதுதானே!

ஆனால் நாக்கு என்று ஒன்று இருக்கிறதே. அது பருத்தித்துறைக் கடற்கரையில் பிறந்த நாக்கு. மாதத்தில் ஒரு புதன்கிழமை, சனம் குறைந்த மத்தியான நேரமாகப் பார்த்து, டீச்சர் மர்சூக் நானாவின் பலசரக்குக் கடைக்குப் போவார். "பூனைக்கு அரைக் கிலோ கட்டாக் கருவாடு" என்பார். டீச்சர் வீட்டில் பூனை கிடையாது. மர்சூக் ஒரு நாளும் எந்தப் பூனை என்று கேட்டதில்லை. பழைய பேப்பரில் இரண்டு சுற்றுச் சுற்றி, மேலே ஒரு கட்டுக் கறிவேப்பிலையை மறைப்புக்கு வைத்துக் கொடுப்பார். அவருடைய மனைவி நூருன்னிஸாதான் ஒருமுறை வாயை அடக்க முடியாமல், "டீச்சர்ட பூனை ருசி தெரிஞ்ச பூனை. நெத்தலியக் குடுத்தா மோந்தும் பாக்காது" என்றாள். டீச்சர் சிரிக்காமல் கறிவேப்பிலையில் பூச்சி இருக்கிறதா என்று பார்த்தார்.

கனடாவுக்குப் போனபோதும் பெட்டியின் அடியில் ஒரு கிலோ கட்டா போனது. வன்கூவரில் இறங்கித் திறந்து பார்த்தால் வியர்த்துப்போய்க் கிடக்கிறது. "அம்மா, உந்தக் கருவாட்டை வீட்டுக்குள்ள மட்டும் வையாதேங்கோ" என்று மகன் மூக்கைப் பொத்தினான். சரி, வெயில் நன்றாகத்தானே எறிக்கிறது என்று டீச்சர் வீட்டின் பின்பக்கத்து மரத்தளத்தில் ஒரு பாயை விரித்து, உக்குவளையில் மிளகாய் காயப்போடுகிற மாதிரி வரிசையாகப் பரப்பிவிட்டார். வீடோ காட்டோரத்து வீடு. அந்த ஊர்ச் சனம் கரடிக்குப் பயந்து குப்பை வாளிக்கே பூட்டுப் போடுகிறது. நம்முடைய டீச்சர் பாய் விரித்துப் பந்தியே வைத்துவிட்டார்.

கரடி வந்தது, போனது. அது எப்படிப் போனது என்பது டீச்சருக்குத் தெரியும். ஆனால் திரும்பி வருகிறபோது விமான நிலையத்திலேயே கணவரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். மாத்தளை மண்ணில் கருவாடு என்ற சொல்லை எடுக்கக் கூடாது. மகேந்திரராஜா சொன்ன சொல் தவறவில்லை. கருவாடு இல்லையென்றால் டீச்சருக்கு வெளித்தளத்தில் என்ன வேலை? ஆகவே கதையில் டீச்சரைக் குசினிக்குள் அனுப்பிவிட்டுக் கரடியைத் தான் எடுத்துக்கொண்டார். முதல் வருஷம் டீச்சர் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். பிறகு ஒரு வருஷம் பயந்து அலறினார். டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு அலறலையும் பொறுத்துக்கொண்டார். அகப்பை பெரிதா, அலறல் பெரிதா?

சுற்றுலா நாளன்று பஸ் ரத்தோட்டையைத் தாண்டி வளைவுகளில் ஏறத் தொடங்கியதும் மூடுபனி இறங்கிவிட்டது. முன்னால் ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் ரிஸ்வி பஸ்ஸை ஓரங்கட்டி, "பனி கலையட்டும், அதுவரைக்கும் ஆராவது பாடுங்க" என்று மைக்கைப் பின்னால் அனுப்பினார். இரண்டு பைலாப் பாட்டுகள் ஓடின. மூன்றாவது பாட்டுக்கு முன்னால் மைக் எப்படியோ மகேந்திரராஜாவின் கைக்கு வந்துவிட்டது. வராமல் இருக்குமா!

"கரடி என்னைப் பாக்குது. நான் கரடியைப் பாக்கிறன். ஒன்பதடி!" என்றார்.

"போன வருஷம் எட்டரைன்னு சென்னீங்களே சேர்?" என்று மர்சூக் எடுத்துக் கொடுத்தார்.

"எட்டரை அது குந்தியிருக்கேக்க."

பஸ் முழுக்கச் சிரித்தது. கடலை வடையைப் பங்கிட்டுக்கொண்டிருந்த டீச்சருக்கும் சிரிப்பு வந்தது. மனுசனுக்கு வாய் மட்டும் இல்லாவிட்டால் நாய் தூக்கிக்கொண்டு போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டார். அடுத்த வசனத்தில்தான் வடைத்தட்டு கையில் அப்படியே நின்றது.

"அது உறுமின உறுமலில தங்கேஸ் குசினிக்குள்ள மயங்கி விழுந்திட்டா. தண்ணி தெளிச்சு எழுப்பினது ஆர்? நான்தான்."

மயக்கம் புதுசு. இந்த வருஷத்து அரை அடி போதாதென்று இதையும் சேர்த்திருக்கிறார்.

"டீச்சரா மயங்கினீங்க?" என்று கேட்டாள் நிஷ்மியா. டீச்சரிடம் படித்தவள், இப்போது அதே பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். "ஆய்கூடத்துக்குள்ள சாரப்பாம்பு வந்த அன்னைக்கு எங்க எல்லாரையும் மேசைக்கு மேல ஏத்திட்டு, டீச்சர் தனியாக் கம்பால அதைத் தூக்கிட்டுப் போனீங்க. அதப் பாத்துத்தான் நானும் சயன்ஸ் செய்யணும்னு நெனச்சேன். பரவால்ல டீச்சர், வயசு போனா எல்லாருக்கும் பயம் வரத்தானே செய்யும்."

அவள் ஆறுதலாகத்தான் சொன்னாள். அந்த ஆறுதல்தான் டீச்சரைச் சுட்டது. முன் ஆசனத்தில் ரஜனி இருந்தாள், மாதர் சங்கத்து உபதலைவி, பதினொரு வருஷமாக அந்த அகப்பையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறவள். ஆடிப்பூரத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாள். வாய் திறந்தால் அகப்பை போய்விடும். திறக்காவிட்டால் நிஷ்மியா இனி வகுப்பில் பிள்ளைகளுக்கு என்ன சொல்வாள்? வடைத்தட்டை நூருன்னிஸாவின் மடியில் வைத்துவிட்டுக் கணவரின் கையிலிருந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாரும் இஞ்ச பாருங்கோ."

நாற்பது முதுகுகள் நிமிர்ந்தன. ரிஸ்விகூட வாயிலிருந்த வெற்றிலையை அவசரமாக ஜன்னலுக்கு வெளியே துப்பினார்.

"நான் குசினிக்குள்ள நிக்கேல்ல. மயங்கவும் இல்லை. கரடிக்கு முன்னால நிண்டது நான். அது வந்தது கருவாட்டுக்கு."

"கருவாடா?" என்றாள் ரஜனி.

மர்சூக் பதறிப்போய் எழுந்தார். "அது வந்து... டீச்சர்ட பூனைக்கு..."

"பூனையவும் கனடாவுக்குக் கூட்டிட்டா போனாங்க?" என்று கேட்டார் ரிஸ்வி.

மர்சூக் அப்படியே உட்கார்ந்துவிட்டார். நூருன்னிஸா முந்தானையை வாய்க்குள் அமுக்கிக்கொண்டாள். ரஜனி சிரிக்கவில்லை. டீச்சர் பக்கம் திரும்பினாள். பிறகு குரலைத் தணித்து, "மகனுக்குத்தானே கொண்டு போனீங்க டீச்சர்? பிள்ளைக்குன்னா அம்மன் கோவிச்சுக்க மாட்டா" என்றாள்.

டீச்சர் நழுவிப்போக அவள் ஒரு கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு தலையாட்டல் போதும், அகப்பை தப்பிவிடும். இவளா எனக்கு இப்படி ஒரு உபகாரம் செய்கிறாள் என்று டீச்சருக்கு ஒருகணம் கண் கலங்கியது.

"இல்லை ரஜனி. மகன் அதைத் தொடவும் மாட்டான். எனக்குத்தான். மாசத்தில ஒருக்கா. இருபது வருஷமா."

டீச்சர் நிறுத்தவில்லை. தொடங்கிய பாடத்தை நடுவில் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. பாயைத் திருப்பிப் போடக் குனிந்ததையும், நிமிர்ந்தால் எதிரில் கறுப்பாக ஒன்று கட்டாவைச் சப்பிக்கொண்டு நின்றதையும் சொன்னார். கையில் இருந்தது கூட்டுகிற ஈர்க்குமாறு. என்ன செய்வதென்று தெரியாமல், ஒன்பதாம் வகுப்புப் பெடியளை அதட்டுகிற குரலில், "வைச்சிட்டு வெளியில போ!" என்று தமிழில் கத்தினாராம். கரடி தலையைக் குனிந்துகொண்டு போனதாம்.

"வைச்சதா டீச்சர்?" என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார்.

"எங்க வைச்சது? இன்னும் ரெண்டைக் கவ்விக்கொண்டுதான் போனது. அது ஐஞ்சடிதான். குறைவாயும் இருக்கலாம்."

முதலில் கை தட்டியவள் நிஷ்மியா. பிறகு பஸ்ஸே இரண்டுபட்டது. சத்தம் அடங்கிய பிறகு ரஜனி தயங்கித் தயங்கி, "அப்ப டீச்சர், ஆடிப்பூரத்துக்கு..." என்று இழுத்தாள்.

"நீங்கள்தான் பிடிக்கோணும். கட்டு எண்டால் எல்லாருக்கும் கட்டுத்தான்" என்றார் டீச்சர். குரல் நடுங்கவில்லை. உட்கார்ந்த பிறகுதான் வெறும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டார். பதினொரு வருஷம் என்ன, லேசான காரியமா?

பனி கலைந்து பஸ் மேலே போய்ச் சேர்ந்தது. அட்டை கடிக்காமலிருக்கக் கால் முழுக்கச் சவர்க்காரம் பூசிக்கொண்டு சனம் புல்வெளியில் இறங்கி நடந்தது. மகேந்திரராஜா மட்டும் எல்லாருக்கும் பின்னால், குடையை ஊன்றிக்கொண்டு, பறிகொடுத்தவர் மாதிரி வந்தார். பஸ்ஸில் அதற்குப் பிறகு அவர் ஒரு சொல் பேசவில்லை. கரடியைப் பிடுங்கிக்கொண்ட கோபம் என்று டீச்சர் நினைத்தார். நல்லாய்ப் படட்டும் என்றுதான் முதலில் நினைத்தார். நூறு அடி நடந்த பிறகு மனம் கேட்கவில்லை, நின்றார்.

"என்ன, கோவமோ?"

"இல்லை." அவர் பக்கத்தில் வந்து நின்றார். காற்று இரைந்துகொண்டிருந்தது. "நீர் ஒண்டைச் சொல்லாமல் விட்டிட்டீர்."

"என்னத்தை?"

"கரடியை அதட்டுறதுக்கு முன்னம் நீர் என்னைக் கூப்பிட்டனீர்."

கூப்பிட்டது உண்மைதான். இஞ்சருங்கோ, இஞ்சருங்கோ என்று இரண்டு தரம். பக்கத்துக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தவர் அதற்குள் வீட்டுக்குள் ஓடிவிட்டார். எங்காவது மேல்மாடிக்குப் போய் ஒளிந்திருப்பார், பாவம், காதில் விழுந்திராது என்றுதான் இந்த எட்டு வருஷமும் டீச்சர் மனதைத் தேற்றி வைத்திருந்தார். அதை நிரூபனிடம்கூடச் சொன்னதில்லை.

"உங்களுக்குக் கேக்கேல்ல எண்டு நினைச்சன்."

"கேட்டது. நான் மேல போகேல்ல தங்கேஸ். கதவுக்கு அங்கால நிண்டனான். கண்ணாடிக் கதவு. உம்மைப் பாத்துக்கொண்டே நிண்டனான். பூட்டில கை வைச்சனான், திறக்க ஏலாமல் போச்சு." அவருடைய உதடு கோணிக்கொண்டு வந்தது. "கரடி எத்தினை அடி எண்டு கேட்டால் சொல்லலாம். நீ எங்க நிண்டனி எண்டு என்னை ஆரும் கேட்டிடக் கூடாது எண்டுதான்..."

டீச்சருக்குக் கோபம் வந்தது. வந்த வேகத்திலேயே அது எங்கேயோ போய்விட்டது. இந்த மனுசன் எட்டு வருஷமாக அந்தக் கதவுக்குப் பின்னாலேயே நிற்கிறார் என்று விளங்கியது. முன்னால் போய்க்கொண்டிருந்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. ஊருக்கு முன்னால் கணவனும் மனைவியும் ஒரு முழம் தள்ளி நடக்கிற பழக்கம் அவர்களுடையது. கலியாணம் கட்டி நாற்பத்தொரு வருஷத்தில் அது ஒரு நாளும் குறைந்ததில்லை.

"வழுக்குது, பாத்து வாங்கோ" என்று டீச்சர் அவருடைய கையை எட்டிப் பிடித்துக்கொண்டார். மனுசனின் கை ஐஸாகக் குளிர்ந்திருந்தது. ரஜனி பார்த்தாள், நிஷ்மியா பார்த்தாள், நாற்பது பேரும் பார்த்தார்கள். டீச்சர் கையை விடவில்லை.