கண்ணால் கண்டவர்

எங்கள் பதிவேட்டில் கடைசிக் கட்டத்தின் தலைப்பு ‘கண்ணால் கண்டவர்’. இரண்டு வருடமாக அந்தக் கட்டத்தில் பாதிக்கு மேல் என் கையெழுத்துதான். நான் கண்ணால் கண்டது கால்வாசிகூடத் தேறாது.

வலிக்கென்றே நடக்கும் மருத்துவமனை எங்களுடையது. நரம்பு வலி, முதுகு வலி, புற்றுநோய் வலி என்று வருபவர்களுக்குக் கடுமையான மருந்துகள் கொடுக்கிறோம். வலியை நிறுத்துகிற மருந்து, ஆள் மாறினால், அளவு தப்பினால் மூச்சையும் நிறுத்திவிடும். அதனால் மிச்சமானதைக் குப்பையில் போடக் கூடாது. ஒருவர் எண்ணிப் பிரித்து, கரித்தூள் போட்ட ஜாடிக்குள் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் குலுக்க வேண்டும். களிபோல் இறுகிவிடும், யாரும் திரும்ப எடுக்க முடியாது. அதுவரை இன்னொருவர் பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். இது சட்டம்.

மூத்த நர்ஸான பெரிய சிஸ்டரும், சின்ன சிஸ்டரான நானும் திட்டம் போட்டுச் சட்டத்தை மீறவில்லை. ஒரு நாள் அவர், “கையெழுத்து மட்டும் போடும்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்” என்றார். அடுத்த வாரம் அதையே நான் அவரிடம் சொன்னேன். அப்படியே பழகிப்போயிற்று. வேலை அதிகம், ஆள் குறைவு என்று சொல்லலாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, இறந்துபோன ஒரு நோயாளியின் மருமகன் மிச்ச மருந்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். தோலில் ஒட்டிக்கொள்ளும் பட்டைகள், பிரிக்காத உறையோடு பத்து. ஒவ்வொன்றாக உரித்து, பசைப் பக்கம் உள்ளே வரும்படி மடித்து ஜாடியில் போட வேண்டும். பெரிய சிஸ்டர் உள் அறைக்குப் போனார். நான் வெளியே நடைபாதையில் நின்று என் வீட்டுக்காரரோடு போனில் பேசிக்கொண்டிருந்தேன். கூடத்துக்குத் திரைச்சீலை நீலமா, பச்சையா என்பதுதான் பிரச்சினை. பதிவேடு வந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, “நீலமே வாங்கிடுங்க” என்று சொல்லியபடி கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் துப்புரவு அக்காவுக்கு ‘எக்ஸ்பிரஸ்’ என்று பெயர். வைத்தது நான். ஒரு நடைபாதையைத் துடைக்க அரை மணி நேரம் எடுத்துக்கொள்வார். “எக்ஸ்பிரஸ் வருது, ஓரம் போங்க!” என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவருக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருந்தன. உள்ளே நுழைகிற எல்லோரிடமும் ‘வலி பத்துக்கு எத்தனை’ என்று கேட்கிற கட்டடத்தில் அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை. பெயர் வைக்க மட்டும் நேரம் இருந்தது.

நான் நோயாளிகளிடம், “இதை ஒட்டிக்கிட்டா வலி இருந்த எடமே தெரியாது” என்று சொல்வதை அவர் நூறு தடவை கேட்டிருப்பார். அன்று மாலை குப்பைத் தொட்டியைக் காலி செய்தபோது, சுருட்டிப் போட்ட கையுறையில் ஒரு பட்டை ஒட்டிக்கொண்டிருந்தது. கடையில் விற்கிற வலி பிளாஸ்டர் மாதிரி ஒன்று என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப்போனார். வலது முழங்காலில் ஒட்டி, அதன்மேல் வெந்நீர்ப் பை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சூடு பட்டால் மருந்து மளமளவென்று உடம்புக்குள் இறங்கும். ஒவ்வொரு நோயாளிக்கும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறோம். அவர் நோயாளி இல்லையே, யார் சொல்வது?

வேலை முடிந்து வந்த அவர் மகள், நாற்காலியில் உதடு நீலம் பாய்ந்து கிடந்த அம்மாவைப் பார்த்திருக்கிறாள். பெரிய ஆஸ்பத்திரியில் யாரோ ஒரு புண்ணியவான் முழங்காலைக் கவனித்துப் பட்டையைப் பிய்த்து எறிந்து, மருந்தை முறிக்கும் ஊசி போட்டார். அக்கா பிழைத்துக்கொண்டார்.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் வந்து, மறுநாள் காலை மேலாளர் பதிவேட்டைப் பிரித்தார்.

“பத்து வந்திருக்கு, பத்தும் அழிச்சாச்சு, ரெண்டு பேர் கையெழுத்து இருக்கு. அந்தம்மா குப்பையில எடுத்தேங்குது. அப்ப பதினொன்னாவது வானத்துலேர்ந்தா விழுந்துச்சு? ஏதோ நோயாளி பையில கைய வெச்சிருக்கு.”

அக்காவை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை, அதன்பிறகு போலீஸ்.

பெரிய சிஸ்டர் என்னை மருந்து அறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். “பத்தும் போட்டேன்னுதான் நெனைக்கிறேன். கையுறையில ஒண்ணு ஒட்டிக்கிச்சோ என்னவோ. நீ பாத்தியா?”

“நான் எங்க பாத்தேன்?”

“அப்ப பாத்ததாவே இருக்கட்டும். வாயத் தொறந்தா ரெண்டு பேர் லைசென்சும் போயிடும். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான் சர்வீஸ் இருக்கு.”

நான் தலையாட்டினேன். அவருக்குப் பயந்து ஆட்டினேன் என்று சொன்னால் அதுவும் பொய்க் கையெழுத்துதான். என் வேலைக்காகத்தான் ஆட்டினேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் எங்கே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

வியாழக்கிழமை திரைச்சீலை வந்தது. வீட்டுக்காரர் ஏணி போட்டு ஏறி மாட்டிவிட்டு, “எப்படி இருக்கு?” என்றார். அந்த நீலத்தைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பாவம் மனுஷன், “புடிக்கலன்னா பச்சையே மாத்திக்கலாம்” என்றார்.

வெள்ளிக்கிழமை மேலாளர் அறையில் மேசைக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேர். எதிரே நாற்காலி நுனியில் அக்கா. மூன்று நாளில் முகம் சுண்டிப்போயிருந்தது. மேலாளர் பதிவேட்டை அவர் பக்கம் திருப்பி, விரலை என் கையெழுத்தின்மேல் வைத்தார்.

“பாரும்மா, இதுக்கு என்ன சொல்ற?”

அக்கா குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“இது சின்ன சிஸ்டர் கையெழுத்துங்களா?”

“ஆமா.”

“அவங்க பாத்துப் போட்டிருந்தா சரியாத்தாங்க இருக்கும். எனக்குத்தான் மயக்கத்துல நெனப்பு தப்பிப்போச்சோ என்னவோ. ஆனா சத்தியமா நான் யார் பையையும் தொடலீங்க.”

தன் கண்ணைவிட என் கையெழுத்தை நம்பினார் அந்த அம்மாள். மேசைக்கு அடியில் பெரிய சிஸ்டரின் செருப்பு என் காலை அழுத்தியது.

“சார், நான் பாக்கல” என்றேன்.

“எதை?”

“பத்து பட்டையையும். ஜாடியையும். அவங்க உள்ள இருந்தாங்க, நான் வெளிய போன் பேசிட்டிருந்தேன். அன்னிக்கு மட்டும் இல்ல சார். ரெண்டு வருஷமா பாக்காமத்தான் போடறோம்.”

பெரிய சிஸ்டர் காலை எடுத்துக்கொண்டார். மேலாளர் பதிவேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார். ஒவ்வொரு பக்கத்திலும் என் கையெழுத்து மணிமணியாக இருந்தது. அரை மணி நேரத்தில் எங்கள் இருவரையும் விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். அக்காவைத் திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.

நான் வெளியே வந்தபோது அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மகள் ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள்.

“அக்கா, என்னை மன்னிச்சிடுங்க.”

அவர் முழங்காலைத் தேய்த்தபடி கேட்டார். “பாக்காம கையெழுத்துப் போட எவ்ளோ நேரம் ஆச்சு சிஸ்டர்?”

“ஒரு நிமிஷம்கூட ஆகலக்கா.”

“பாக்கலன்னு சொல்ல மூணு நாள் ஆயிருக்கு.” குரலை உயர்த்தவே இல்லை. “நேத்து நான் தூங்கிட்டேன்னு நெனச்சு எம்பொண்ணு என் பையக் கொட்டித் தேடிச்சு. நான் தூங்கல.”

வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டது. அவர் எழுந்தார். நான் கையை நீட்டினேன். அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

ஒரு கால், கொஞ்சம் நின்று மறு கால், மறுபடியும் சுவர். வாசல்வரை போய்ச் சேர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று. நான் அங்கேயே நின்று அதை முழுவதும் கண்ணால் பார்த்தேன்.