தாயே, உத்தரவு கொடு

பாதி மூடிய இமைகளுக்குள் வெள்ளை மட்டும் தெரிகிறது, வேப்பிலைப் படுக்கையில் கிடக்கும் என் ஆறு வயது மகள் என்னைத்தான் பார்க்கிறாளா, அவளுக்குள்ளிருந்து வேறு யாராவது பார்க்கிறார்களா, குனிந்து பார்க்கப் பயமாக இருக்கிறது, கிட்டப் போகாத, குளிச்சியா, சுத்தபத்தமா இருக்கியா என்று நிலைப்படியில் நின்று கேட்கிறாள் என் நாத்தனார் பூங்காவனம், குளிச்சிட்டேன் மதினி என்கிறேன், ஈரத்தலையின் தண்ணீர் முதுகில் இறங்குகிறது, சுத்தபத்தம் என்ற அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே எனக்கு என் கைகள்மீது சந்தேகம் வந்துவிட்டது, எதைத் தொட்டேன், எதை நினைத்தேன், என்னால்தான் இவள் இப்படிக் கிடக்கிறாளோ. அவள் பெயர் பவித்ரா, வைத்தது என் கணவர்தான், புனிதம்னு அர்த்தமாம் புள்ள என்று பெருமையாகச் சொன்னார், அந்த வாரமே அது பவியாகி, வளர வளரக் குரங்காகி, எழுந்து வாடி எருமை என்று ஆகியிருந்தது, உடம்பில் முதல் கொப்புளம் கண்ட நாளிலிருந்து அந்தப் பெயரும் இல்லை, செல்லத்திட்டும் இல்லை, தோளில் தூக்கித் திரிந்த மனிதர் இப்போது மகளின் காலடியில் கைகட்டி நிற்கிறார், தாயே என்கிறார். கொப்புளம் என்று சொல்லக் கூடாது, முத்து, காய்ச்சல் என்று சொல்லக் கூடாது, அம்மா உக்கிரமா இருக்கா, சோறு இறங்கவில்லை என்றால் அம்மா விரதம், பிதற்றினால் அம்மா பேசுறா, ஒவ்வொரு பயத்தின் மேலும் ஒரு நல்ல வார்த்தையை எடுத்துப் போர்த்துகிறோம், அடியில் பயம் அசைவது எனக்கு மட்டும் தெரிகிறது, காலையிலிருந்து அவள் தண்ணீர் கேட்கவில்லை, கூப்பிட்டால் திரும்பவில்லை, கழுத்து விறைத்துக்கொண்டு வருகிறது, மதினி, இவ கூப்பிட்டா முழிக்க மாட்டேங்கிறா என்கிறேன், அம்மா கண்ணசந்திருக்கா, எழுப்பிவிட்றாத, துடியான தெய்வம் அது.

இதே வேப்பிலை வாசனை, ஆனால் இது மில் குடியிருப்பு, எனக்குப் பத்து வயது, பாயில் கிடப்பது என் தம்பி செல்வம், பள்ளிக்கு ஊசி போட வந்தார்கள் என்று கொய்யா மரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டு ஹெட்மாஸ்டர் கெஞ்சியும் இறங்காதவன், அவனைப் போய் எல்லோரும் தாயே என்கிறார்கள், அரைக்கால் சட்டை போட்ட தாய், பக்கத்து வீட்டு அக்கா ஈரப்புடவையோடு வந்து என் மகளுக்கு இந்தத் தையிலாவது வரன் அமையுமா தாயே என்று கேட்கிறாள், அவன் என்னைப் பார்த்து ரகசியமாகச் சிரிக்கிறான், அது அவன் சிரித்த கடைசிச் சிரிப்பு என்று அப்போது யாருக்குத் தெரியும், மூச்சு இரைக்க ஆரம்பித்ததும் அப்பா பயந்துபோய்ச் சூடம் கொளுத்தி, தாயே, டாக்டரக் கூட்டிட்டு வரவா, உத்தரவு குடு என்கிறார், உத்தரவில்லாமல் எங்களில் யாரும் எதுவும் செய்ய மாட்டார்கள், செல்வம் சொல்கிறான், வேணாம், ஊசி வேணாம், கூடியிருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார்கள், அம்மாவே சொல்லிட்டா, அப்புறம் யாரு என்ன செய்ய. ஒரு மத்தியானம், அம்மா குளுந்துட்டா என்று உள்ளேயிருந்து குரல் வந்தது, நல்ல செய்தி என்று நினைத்து ஓடிப்போய்த் தொட்டேன், குளிர்ந்திருந்தது தம்பியின் கை.

நேற்று என் கணவரும் சூடம் கொளுத்தினார், தாயே, ஆஸ்பத்திரிக்குப் போவமா, உத்தரவு குடு, பவி வெடித்த உதட்டை நக்கிக்கொண்டு சொன்னாள், ஊசி போடுவாங்க, வேணாம், கேட்டியா, வேணாம்னு உத்தரவு ஆயிருச்சு என்றாள் பூங்காவனம், அந்தக் கணத்தில் கொய்யா மரத்துக் கிளையில் இரண்டு கால்கள் தொங்குவதைப் பார்த்தேன், பார்த்தும் என் வாய் திறக்கவில்லை, அந்தப் பயம் அப்படி, தெய்வத்தை எதிர்த்துப் பேசி அது கோபத்தில் பிள்ளையை எடுத்துக்கொண்டால், பேசாமல் இருந்து பிள்ளை போய்விட்டால், எந்தப் பக்கம் திரும்பினாலும் பவி இல்லாத வீடு, பவி இல்லாத வீடு, இதோ அந்தக் கழுத்து இன்னும் கொஞ்சம் பின்னால் வளைகிறது, நான் அவளை வாரித் தூக்குகிறேன். ஏ கூறுகெட்டவளே, என்ன பண்ற, தெய்வக்குத்தம், குடும்பமே வெளங்காது என்று பூங்காவனம் வழியை மறிக்கிறாள், அவளும் அழுகிறாள், பவிக்கு முதல் கொலுசு போட்ட அத்தை அவள்தான், என்னங்க, ஆட்டோ கூப்பிடுங்க, அவர் அசையாமல் நிற்கிறார், அவ உத்தரவு குடுக்கலையே புள்ள என்கிறார், அவ ஊசிக்குப் பயந்துட்டுச் சொல்றா, ஒங்க மகளுக்கு ஊசின்னா பயம்னு ஒங்களுக்குத் தெரியாதா, அது என் குரல்தானா, அவர் என்னையும் மகளையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுச் சட்டைகூடப் போடாமல் தெருவுக்கு ஓடுகிறார்.

மாலை போட்டிருந்த ஆட்டோக்காரர், ஏறுங்க சாமி, கால எடுத்து உள்ள வைங்க சாமி என்கிறார், எதிரே வந்த லாரியைப் பார்த்து ஏ சாமி, கண்ணு தெரியலையா சாமி என்று கத்துகிறார், வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன், மடியில் கிடக்கும் உடம்பு அடுப்புக் கல் மாதிரி சுடுகிறது, என் பின்னால் ஆட்டோவைத் துரத்திக்கொண்டு ஏதோ வருவது போலிருக்கிறது, திரும்பிப் பார்க்கவில்லை, திரும்பினால் யார் முகம் தெரியும். என்னம்மா செய்யுது என்று நர்ஸ் கேட்கிறாள், முத்து என்கிறேன், வேறு வார்த்தை வாயில் வரவில்லை, முத்தாவது பவளமாவது, காய்ச்சல் எத்தனை நாளா, நினைவு எப்பத் தப்புச்சு, ஏம்மா இப்பத்தான் வர்றீங்க, டாக்டர் இமையை விரித்து டார்ச் அடிக்கிறார், கிருமி மூளைக்குப் போயிருக்கலாம், இப்ப எதுவும் சொல்ல முடியாது, கைய இறுக்கிப் பிடிங்க.

ஊசி இறங்குகிறது, பவி அசையவில்லை, அதைவிடப் பயங்கரம் எதுவும் நான் பார்த்ததில்லை, பாட்டில் தொங்குகிறது, மருந்து சொட்டுகிறது, சன்னல் வெயில் தரையில் நகர்ந்து சுவரில் ஏறுகிறது, என் கணவர் மூலையில் உட்கார்ந்து, மன்னிச்சிரு தாயே, மன்னிச்சிரு தாயே என்று முணுமுணுக்கிறார், நர்ஸ் அடுத்த ஊசியோடு வருகிறாள், நான் கையைப் பிடிக்கிறேன், குத்தியதும் அந்தக் கை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறது, இமைகள் திறக்கின்றன, வெள்ளை இல்லை, கருமணி இரண்டும் நேராக என்மேல் நிற்கின்றன, வேணாம்னு சொன்னேன்ல, நீ நல்லாவே இருக்க மாட்ட, நாசமாப் போயிருவ என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி அலறுகிறாள், என் கணவர் நடுங்கிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார், சொன்னது தெருக்குழாய்ச் சண்டையில் கேட்டதைத் திருப்பிச் சொல்லும் குழந்தையா, இல்லை வேறு யாராவதா, தெரியவில்லை, இனி எந்நாளும் தெரியப்போவதில்லை, யாராக இருந்தாலும் இருக்கட்டும், அந்தச் சூடான கையை விடாமல் பிடித்துக்கொண்டு, சொல்லுடி பவி, இன்னும் நல்லாச் சொல்லு, நிறுத்தாத என்கிறேன்.