டூப்ளிகேட்டின் சத்தம்

அன்று எங்கள் கொரட்டூர் வீட்டுக் கூடத்தில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். செபாஸ்டியனாகிய நான். என் மனைவி சகாயமேரி. எங்கள் மகன் ஃபெலிக்ஸ். பூந்தமல்லியிலிருந்து வந்திருந்த ஹாஜா மொய்தீன், அவர் மகன் ஜமீர். மாடியில் குடியிருக்கும் தேவராஜ். அவரை யாரும் கூப்பிடவில்லை, சத்தம் கேட்டு இறங்கி வந்து வாசற்படியில் நின்றார். பாதியில் போயும்விட்டார்.

ஹாஜா பாயும் நானும் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரே கம்பெனியில் லேத் ஓட்டியவர்கள். எனக்கு முன்னால் அவர் சூப்பர்வைசர் ஆனார். அதைப் பற்றி நான் பேசுவதில்லை. ஆனால் அவர் மகனும் என் மகனும் ஒரே வேலையில் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

வேலை என்றால் சம்பளம் இல்லாத வேலை. பழைய டிவி கேம் மிஷின் எப்படி நடந்துகொள்ளுமோ, அப்படியே கம்ப்யூட்டரை நடந்துகொள்ள வைக்கும் மென்பொருள். எமுலேட்டர் என்கிறார்கள். இலவசம். உள்ளே எழுதியிருப்பதை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம். அந்தந்தப் பகுதிக்குப் பொறுப்பானவர் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் உள்ளே போகும். ஒலிப் பகுதிக்குப் பொறுப்பு ஃபெலிக்ஸ். கல்லூரியில் படிக்கும்போதே ஆரம்பித்தவன், வேலைக்குப் போன பிறகும் விடவில்லை.

எல்லாவற்றுக்கும் தலைமையாக இருந்த ஜெர்மனிக்காரப் பெண்மணி விலகுவதாக அறிவித்திருந்தார். ஃபெலிக்ஸ், ஜமீர் இருவரில் ஒருவர் தலைமை ஏற்க வேண்டும், நீங்களே பேசி முடிவு செய்து எழுதுங்கள் என்று சொல்லிவிட்டார். ஜமீர் போன வருடம்தான் வந்து சேர்ந்தான். எங்கள் குடும்பத்துக்கு முதன்முதலாக உலகம் அறிய ஒரு பெயர் வரவிருந்தது. அது பஸ் ஏறிப் பூந்தமல்லிக்குப் போவதை நான் ஏன் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வந்து உடை மாற்றுவதற்குள், அதைப் பேசி முடிவு செய்ய ஹாஜா பாயும் ஜமீரும் வந்துவிட்டார்கள். பரணில் கிடந்த எங்கள் பழைய மிஷினை சகாயமேரி துடைத்துக் கொடுத்தாள். சத்தத்தை ஒப்பிட்டுப் பார்க்க, மஞ்சள் கேம் கேசட்டைச் சொருகி டிவியில் ஓட்டினார்கள். பிறகு அதே விளையாட்டை ஃபெலிக்ஸ் லேப்டாப்பில் ஓட்டினான்.

சகாயமேரி தலையை ஆட்டினாள். "இது நம்ம ஊட்டு சத்தம் இல்லடா. சன்னமா கீது."

"இதான்மா கரெக்ட். ஜப்பான் மிஷின் இப்பிடித்தான் பாடும். நம்ம கிட்ட கீறது டூப்ளிகேட்" என்றான் ஃபெலிக்ஸ்.

"டூப்ளிகேட்டா? பில் போட்டு வாங்கினதுடா" என்றேன்.

"பில்லும் டூப்ளிகேட்டா இருக்கும் செபாஸ்டின்" என்று ஹாஜா பாய் தொடையைத் தட்டிச் சிரித்தார். வாசற்படியில் நின்ற தேவராஜும் சிரித்தார்.

ஜமீர் சிரிக்கவில்லை. "மச்சான், இந்த ஊர்ல எவன் ஊட்ல ஒரிஜினல் இருந்துச்சு சொல்லு? எல்லாருக்கும் டூப்ளிகேட் சத்தம்தான் தெரியும். அந்த சிப்புல ரெண்டு ஒலி இடம் மாறிக் கீது, அவ்ளோதான். நானும் அதேமாதிரி மாத்தி உனக்கு அனுப்பிக்கீறேன். கேளு."

ஏதோ தட்டினான். மறுபடி ஓட்டினான்.

மூக்கடைத்தது போன்ற அந்தத் தடித்த சத்தம் கூடம் முழுக்க நிறைந்தது. சகாயமேரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, இதேதான்! அடுப்படில கேட்டுக்கினே இருப்பேனே!" ஓடிவந்து ஜமீரின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். பெற்ற மகன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான்.

எனக்கும் முதல் நொடியிலேயே தெரிந்துவிட்டது. அதே சத்தம்தான். டிவி ஒயரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டேன்.

"ஒரே வரி, செபாஸ்டின்! எம்புள்ள ஒரே வரிதான் மாத்துனான்!" என்றார் ஹாஜா பாய். தம்ரூட் இனிப்பு டப்பாவைத் திறந்து நீட்டினார். "ஊட்ல நசீம் செஞ்சது. சாப்புடு மேரிம்மா." சகாயமேரி இரண்டு துண்டு எடுத்தாள். எங்கள் வீட்டில் முந்தின நாளே சுட்டு வைத்த கேக் மூடியபடியே இருந்தது.

ஃபெலிக்ஸை அடுப்படிக்குக் கூப்பிட்டேன்.

"அவன் அனுப்பினதுக்கு ஒப்புதல் குடுக்காத. ஒரு வரிதானே? அடுத்த வாரம் நீயே எழுதிப் போடு."

"அது அவன் எழுதுனதுப்பா."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"எல்லாருக்கும் தெரியும். ஒவ்வொரு வரிக்கும் எழுதுனவன் பேர் பக்கத்துலயே நிக்கும், என்னிக்கும்."

"அப்ப சும்மா கிடப்புல போடு."

"நைனா, போய் உக்காரு நீ" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

கூடத்துக்குத் திரும்பி வந்து ஜமீரின் திருத்தத்தை எல்லார் முன்னிலையிலும் திறந்தான். படித்தான். நெற்றியைச் சுருக்கினான். ஏதோ எழுதி ஒரு பொத்தானை அழுத்தினான். திரையில் ஜமீரின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் குறி விழுந்தது.

எனக்குச் சிவப்பு என்றால் என்னவென்று தெரியும். எங்கள் கம்பெனியில் இன்ஸ்பெக்டர் சிவப்புப் பெயின்ட் அடித்த உருப்படி நேராகக் கழிவுத் தொட்டிக்குப் போகும். நான் எழுந்து நின்றேன்.

"பாய், உங்க பையன் வேலை ரிஜெக்ட் ஆயிடுச்சு. என் மகன்தான் பண்ணினான். தப்பா எடுத்துக்காதீங்க, நட்பு வேற, தரம் வேற."

ஹாஜா பாயும் சிவப்புப் பெயின்ட்டைப் பார்த்து வளர்ந்தவர்தானே. அவர் முகம் சுண்டிப்போயிற்று. டப்பாவை மூடினார். "கெளம்பலாம் ஜமீரு" என்றார். தேவராஜ் உச்சுக்கொட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிப் போனார்.

"அத்தா, உக்காருங்க" என்றான் ஜமீர். "இது ரிஜெக்ட் இல்ல. சரி பண்ணிக் குடுன்றான். நான் எல்லா மிஷினுக்கும் சேத்து மாத்திட்டேன், ஒரிஜினல் சத்தம் கெட்டுப்பூடும். ஒரிஜினலா டூப்ளிகேட்டான்னு ஆடுறவன் தேர்ந்தெடுக்கிற மாதிரி வெக்கணும். கரெக்டாதான் புட்ச்சிக்கீறான்."

"எங்க லைன்ல செவப்புன்னா இதான்பா" என்றான் ஃபெலிக்ஸ். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

நான் உட்கார்ந்தேன். ஹாஜா பாயும் உட்கார்ந்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. இரண்டு பிள்ளைகளும் தோளோடு தோள் ஒட்டி, ஒருவன் தட்டுவதை மற்றவன் திருத்தி, எங்களை மறந்தே போனார்கள். நாங்கள் லேத்தில் நின்ற காலத்தில் அப்படி ஒருநாளும் நின்றதில்லை. சகாயமேரி தேநீர் கொண்டுவந்தாள். முதல் தம்ளர் ஜமீருக்கு.

சிவப்பு பச்சையானது. ஃபெலிக்ஸ் உடனே இன்னொரு பக்கத்தைத் திறந்து எழுத ஆரம்பித்தான்.

"இன்னா எழுதற?" என்றேன்.

"ஜெர்மனிக்கு. ஜமீரைத் தலைமையா போடச் சொல்லி."

ஜமீர் திரும்பினான். "டேய் மாமே, இன்னாடா இது? இன்னும் பேசவே இல்ல."

"பேசறதுக்கு இன்னா கீது? எனக்கு சத்தம் போதும். நீ ஆடுறவங்க பக்கம் நின்னு யோசிக்கிற, எனக்கு அது வரல."

என் மகன் குடும்பப் பெயரையும் சேர்த்துக் கையொப்பமிட்டு அனுப்பினான். நான் தடுப்பதற்குள் போய்விட்டது. ஹாஜா பாய் எழுந்து வந்து ஃபெலிக்ஸின் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. அதை மறைக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

ஆனால் சிவப்புக் குறியை மட்டும் பார்த்துவிட்டு மாடி ஏறிய தேவராஜ், ரயில் நிலையத்திலும் கோயில் வாசலிலும் ஒரு கதை சொல்லித் திரிகிறார். என் மகன் நிராகரித்த கோபத்தில் ஹாஜா பாயின் மகன் ஜெர்மனிக்காரியிடம் தனியாகப் பேசி, ஃபெலிக்ஸின் இடத்தைப் பறித்துக்கொண்டானாம்.

அது பொய். யாரும் பறிக்கவில்லை. ஃபெலிக்ஸ் கொடுத்தான்.