மெகராஜ் பேகத்தின் வெள்ளிக்கிழமைச் சாப்பாடு

கோலாலம்பூரிலிருந்து ஓர் அரசாங்க ஆபீஸ் கோலா சிலாங்கூருக்கு வந்து இறங்கியபோது, கல்யாணப் பெண்ணைப் பார்க்கப் போவதுபோல ஊரே திரண்டு போய்ப் பார்த்தது. பார்க்காமல் என்ன செய்யும்? ரப்பர் விலை படுத்துவிட்டது. சுற்றுவட்டத் தோட்டங்களில் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டு, ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்த எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாலெழுத்துப் படித்த பிள்ளை எதுவும் ஊரில் தங்கவில்லை. எல்லாம் பஸ் ஏறிவிட்டன. வேலையைத் தேடி ஆள் போவதற்குப் பதில், ஆளைத் தேடி வேலை போனால் என்ன என்று மேலிடத்தில் யாரோ ஒரு புண்ணியவான் யோசித்திருக்கிறார். நன்றாக இருக்கட்டும் அவர்! ஓர் இலாகாவின் கணக்குப் பிரிவை அப்படியே பெயர்த்து, ஒரு வருஷம் இருந்து பாருங்கள் என்று இங்கே அனுப்பிவிட்டார்கள்.

சாப்பாட்டுக் கடை மஸ்தான் அந்தக் குஷியில் சுவருக்குச் சாயம் அடித்து, புது மேசைகள் வாங்கிப் போட்டார். அவர் மனைவி மெகராஜ் பேகத்தின் சந்தோஷம் வேறு. கடைக்குட்டி நஜீபாவுக்கு அந்த ஆபீசில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்திருந்தது. மூத்த மகன்கள் இருவரும் ஜொகூர் பக்கம் போய், நோன்புப் பெருநாளுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள். நஜீபாவைத் தனியாக கோலாலம்பூருக்கு அனுப்ப மஸ்தான் செத்தாலும் சம்மதிக்க மாட்டார். இந்த வேலை இல்லையென்றால், படித்த படிப்பைப் பெட்டியில் மடித்து வைத்துவிட்டு மாப்பிள்ளை வரும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். மகள் கைப்பையை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புகிற அழகைப் பார்ப்பதற்காகவே மெகராஜ் தினமும் வாசலுக்கு வந்து நின்றாள்.

ஆனால் வந்த ஆபீஸ் ஊரோடு ஒட்டவில்லை. காலையில் ஒரு பஸ் வரும், ஆட்களை இறக்கும். சாயங்காலம் அதே பஸ் அள்ளிக்கொண்டு போய்விடும். மத்தியானத்துக்கு வீட்டிலிருந்தே கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். வெற்றிலை பாக்குகூட ஊரில் வாங்கவில்லை. மஸ்தானின் புது மேசைகளில் பூனைதான் படுத்திருந்தது.

ஒருநாள் நஜீபா வேலை விட்டு வந்ததும் வராததுமாகத் தேம்பி அழுதாள்.

"உம்மா, ஆபீச மறுபடியும் கே.எல்.லுக்கே மாத்தணும்னு மனு போடுறாங்க. தலைமைக் கிராணி வைரவநாதன் எழுதி, எல்லார்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாரு. என்னையே டைப் அடிக்கச் சொன்னாரு."

"அடிச்சுட்டியா?"

"அடிச்சேன்."

"அடி கூறுகெட்டவளே! நாலு எழுத்தையாவது தப்பா அடிச்சிருக்கக் கூடாதா?"

"ஒரு தப்பும் இல்லன்னு பாராட்டினாரு, உம்மா!" என்று அவள் இன்னும் பலமாக அழுதாள்.

மெகராஜ் அவள் முகத்தைத் துடைத்துவிட்டுக் கேட்டாள். "அப்படி என்னடி குறை கண்டாங்க நம்ம ஊர்ல?"

"பஸ்ஸுல அலையறது ஒண்ணு. அப்புறம் வெள்ளிக்கிழமை. ஜும்மாவுக்காக ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஓய்வு விடுறாங்கள்ல? மலாய்க்காரங்க பள்ளிவாசலுக்குப் போயிடுறாங்க. மத்தவங்களுக்குப் பொழுது போக்க ஒரு இடம் இல்ல. அதுலயும் நம்ம தமிழாளுங்க வெள்ளிக்கிழமை சைவம். மீன் கடையா இருக்கிற ஊர்ல எங்க போறதுன்னு, கட்டிக்கிட்டு வந்தத தின்னுட்டு மேசையிலயே தலைய வச்சுத் தூங்குறாங்க. ஒரு கடைகூடத் திறந்திருக்கலியேன்னு நம்ம கடையப் பார்த்துத்தான் திட்டுறாங்க."

மெகராஜ் தலையில் அடித்துக்கொண்டாள். வாரம் பூராவும் ஈ ஓட்டுகிற மனுஷன், வாடிக்கைக்காரர்களுக்கு நேரம் கிடைக்கிற அந்த ஒரே மத்தியானத்தில் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டு ஜும்மாவுக்குப் போகிறார்! இத்தனை மாதமும் இது ஒருவர் மண்டையிலும் உறைக்கவில்லையே!

"வெள்ளிக்கிழமை நான் கடை திறக்கப் போறேன்" என்று அன்றே சொல்லிவிட்டாள்.

மஸ்தான் துள்ளினார். "ஜும்மா நேரத்துல கடையா?"

"ஜும்மா உங்களுக்குக் கடமைங்க, போய்ட்டு வாங்க. எனக்கு அடுப்புதானே? சைவச் சாப்பாடு போடுறேன்."

"நம்ம கடையில சைவமா? நாய்கூட எட்டிப் பார்க்காது லா!"

"நாய்க்குப் போடல. கிராணிக்குப் போடுறேன்."

சமைக்கச் சின்னத்தாயைக் கூப்பிட்டாள். புக்கிட் ரோத்தான் பக்கத்துத் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்துக்கொண்டிருந்தவள் அவள். மரங்கள் சாய்ந்த பிறகு வாரத்தில் பாதி நாள் வேலை இல்லாமல் இருந்தாள். புதுச் சட்டி, புதுக் கரண்டி, வாழையிலை எல்லாம் வந்து இறங்கின. பழைய பாத்திரம் ஒன்றுகூட அந்தப் பக்கம் வரக் கூடாது என்று மெகராஜ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

முதல் வெள்ளி, இளவட்டக் குமாஸ்தாக்கள் நாலைந்து பேர் வந்து, வெட்கப்பட்டுக்கொண்டே மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்கள். வைரவநாதன் வரவில்லை. அடுத்த வெள்ளி குடையைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை வந்து நின்றார். தலைமைக் குமாஸ்தா, யாழ்ப்பாணத்துக்காரர், ஓய்வுபெற இன்னும் நாலைந்து வருஷம் இருந்தது. அவர் தும்மினால் ஆபீஸ் முழுக்கத் தும்மும்.

"பிள்ளை, இந்தச் சட்டியிலை முந்தி மீன் காய்ச்சினதோ?"

சின்னத்தாய் நிமிர்ந்தாள். "ஐயா, இந்தச் சட்டி மீனக் கண்ணால பார்த்ததே இல்ல. நம்பி உக்காருங்க."

உட்கார்ந்தார். கத்தரிக்காய்ப் பால்கறி, பருப்பு, அப்புறம் இலையில் தேங்காய்ப்பால் சொதி விழுந்தது. ஒரு வாய் வைத்தவர் அப்படியே நிறுத்திவிட்டார்.

"சொதி வைக்க உமக்கு ஆர் சொல்லித் தந்தது?"

"எங்க தோட்டத்துப் பெரிய கிராணி வீட்டுல சமையலுக்கு இருந்தேங்க. அவங்களும் உங்க ஊர்க்காரவங்கதான்."

அதற்குப் பிறகு அவர் இலையிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. சாப்பிட்டு முடித்து எழுந்தபோது மெகராஜ் விடவில்லை. கேட்டே விட்டாள். "ஐயா, அந்த மனுவ வாபஸ் வாங்கக் கூடாதா? என் மகளுக்கு வேற போக்கிடம் இல்லீங்க."

"சாப்பாடு திறமாயிருக்கு, அம்மா. மனு போயிட்டுது" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். கல்நெஞ்சன்! அன்றைக்கு அவளுக்கு ஒரு பருக்கை உள்ளே இறங்கவில்லை. ஆனால் அடுத்த வெள்ளியும் வந்தார், அதற்கடுத்த வெள்ளியும் வந்தார். வந்த குமாஸ்தாக்கள் கடைத்தெருவில் இறால் வற்றலும் பழமும் வாங்கிக்கொண்டு போனார்கள்.

மனுவை விசாரிக்க மேலதிகாரி நேரிலேயே வந்தார். வந்ததும் ஒரு வெள்ளிக்கிழமையாகப் போயிற்று. மலாய்க்காரர். ஜும்மா தொழுதுவிட்டு, மஸ்தானோடும் மலாய் ஊழியர்களோடும் பேசிக்கொண்டே கடைக்கு வந்தார். வந்து பார்த்தால் உட்கார இடமில்லை. மஸ்தானுக்குச் சொந்தக் கடையில் சுவரோரம்தான் இடம் கிடைத்தது. அதிகாரி இலைக்கு முன்னால் இருந்த வைரவநாதனைப் பார்த்து, மனு போட்டது நீங்கள்தானே, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று மலாயில் கேட்டார்.

நஜீபா தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். வைரவநாதன் எச்சில் கையோடு எழுந்து நின்றார்.

"நான்தான் போட்டேன், துவான். விடியுமுன் எழுந்து பஸ்ஸில் ஆடி ஆடி வந்து முதுகே போய்விட்டது. இனி முடியாது."

மெகராஜுக்கு உயிரே போய்விட்டது.

"அதனால், எங்களுக்கு இங்கேயே குவார்ட்டர்ஸ் கட்டிக் கொடுங்கள். அந்தப் பஸ்ஸை நிறுத்திவிடுங்கள்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு அதிகாரி விழுந்து விழுந்து சிரித்தார். வைரவநாதன் ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்து, "பிள்ளை, இன்னும் கொஞ்சம் சொதி விடும்" என்றார்.

ஆபீஸ் நிரந்தரமாக இங்கேயே இருக்கும், உள்ளூர்ப் பிள்ளைகளை இன்னும் சேர்ப்போம் என்ற உத்தரவு சில வாரங்களில் வந்தது. அன்று சாயங்காலம் மெகராஜ் வீட்டு வாசலில் நின்றாள். கைப்பையை ஆட்டிக்கொண்டு நஜீபா தெருவில் நடந்து வந்தாள்.

"பசிக்குது உம்மா, என்ன இருக்கு? அட, ஏன் அழுவுறீங்க?"

"நீ வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்துட்டே, அதான்."

"தெனமும்தானே வர்றேன்?"

"அதத்தாண்டி சொல்றேன்" என்றாள் மெகராஜ் பேகம்.