பனி இல்லாத சனிக்கிழமை

வெர்னா கிங்பேர்ட் கார்க் கண்ணாடியை இறக்கி இன்னொரு முறை தரையைப் பார்த்தாள். வழிநெடுக இதே வேலைதான். காய்ந்த புல், சேறு, போன மாதத்துச் சருகு. நவம்பர் கடைசி, அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடி, முழங்கால் அளவு பனி கிடக்க வேண்டிய நாள். ஒரு பொட்டு வெள்ளை இல்லை. பாழாய்ப்போன வானம் இந்த வருஷம் பார்த்தா காலை வாரிவிட வேண்டும்!

தேதி குறித்தது அவளேதான். அவளைப் போன்ற ஒஜிப்வே பூர்வகுடி எழுத்தாளர்கள் நவம்பரில் மட்டும்தான் ஊருக்கு ஞாபகம் வருவார்கள். பூர்வகுடிகளுக்கென்று அரசாங்கம் ஒதுக்கிய மாதம் அது. மற்றப் பதினோரு மாதமும் ஃபோன் செத்துக் கிடக்கும். பிள்ளைகளுக்குக் கதை படிக்க வரச்சொல்லி நூலகத்தில் கேட்டபோது, மாசக் கடைசிக்குள் பனி விழுந்துவிடும் என்று நம்பிச் சரியென்றாள். எழுதியிருப்பது குளிர்காலக் கதைகள். பனி தரையை மூடிய பிறகுதான் அவற்றைச் சொல்லலாம். அவற்றைக் கேட்கக் கூடாத ஆவிகள் அப்போதுதான் மண்ணுக்கடியில் தூங்கும் என்பது ஒஜிப்வே வழக்கு. பகலெல்லாம் பள்ளிக்கூடச் சமையலறை, வீடு வந்தால் பேச ஆளில்லை. நான்கு வருஷம் சாப்பாட்டு மேசையில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து பிள்ளைகளுக்காக எழுதினாள். இன்று பதிப்பகத்துப் பிரிட்ஜெட் மினியாபொலிஸிலிருந்து வருகிறாள். பிள்ளைகள் எப்படிக் கேட்கிறார்கள் என்று பார்த்த பிறகுதான் புத்தகம் உண்டா இல்லையா என்று சொல்வாளாம்.

காரை ஓட்டிவந்த சித்தப்பா மகன் டெல்பர்ட் சும்மா இருப்பானா?

"ஐஸ் ஹாக்கி மைதானத்துக்குப் பின்னாடி சுரண்டிக் கொட்டுன ஐஸ் மலையா கெடக்குக்கா. ரெண்டு வாளி அள்ளியாந்து காலுக்கடியில போடறேன். மேல நின்னு படிச்சிடு."

"வாயை மூடிட்டு ஓட்டுடா."

சிரிப்பும் வந்தது. வெட்கக்கேடு, ஒரு நிமிஷம் அதை நிஜமாகவே யோசித்தும் பார்த்தாள்.

நூலகத்தில் இருபது நாற்காலி, ஆறு பிள்ளைகள். முன்வரிசையில் நோட்டும் கையுமாகப் பிரிட்ஜெட். வெர்னா தாள்களைப் பிரித்தாள். ஜன்னலுக்கு வெளியே பழுப்புப் புல்வெளி. தாள்களை மூடிவிட்டாள்.

"இன்னிக்கு இதைப் படிக்க முடியாது, கண்ணுங்களா. பனி இல்ல."

அதற்குப் பதில் சமையலறையில் முந்நூறு அப்பத்தைத் தீய்த்த கதையைச் சொன்னாள். பிள்ளைகள் சிரித்தார்கள். பிரிட்ஜெட் எதையும் எழுதவில்லை. முடிந்ததும் பக்கத்தில் வந்தாள்.

"இவ்வளவு தூரம் வந்திருக்கேன், வெர்னா. ஒரு பக்கமாவது படிச்சிருக்கலாமே. அச்சாயிட்டா ஜூலையிலயும் பிள்ளைங்க படிக்கத்தானே போறாங்க?"

"எப்ப படிக்கணும்னு முதல் பக்கத்துலயே போடணும். போடுவீங்களா?"

"பாதி வருஷம் திறக்கக் கூடாதுங்கற புத்தகத்தை எந்தக் கடையில வாங்குவாங்க?" கெட்டவள் இல்லை, வருத்தத்தோடுதான் கேட்டாள். "திங்கட்கிழமை ஃபோன் பண்றேன்."

அந்தத் திங்கட்கிழமை வராது என்று வெர்னாவுக்குத் தெரியும். காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாக மடக்கி வைத்தாள். ஒரே ஒரு பக்கம். படித்திருந்தால் யார் தட்டிக் கேட்டிருக்கப் போகிறார்கள்? ஆனாலும் வாய் வரவில்லையே.

ஒரு சிறுமி மட்டும் போகாமல் நின்றாள். எட்டு வயசிருக்கும்.

"எங்கப்பாவும் ஒஜிப்வேதான். இப்ப எங்ககூட இல்ல." வெர்னாவின் தாள்களைக் காட்டிக் கேட்டாள்: "பனி விழுந்தா எனக்குச் சொல்வீங்களா?"

"விழுந்த அன்னிக்கே ஃபோன் பண்ணு. முழுக் கதையும் சொல்றேன்."

எழுதிக் கொடுக்க வெர்னா தாளைக் கிழிக்குமுன் சிறுமி கையுறையைக் கழற்றி உள்ளங்கையை நீட்டிவிட்டாள். வெர்னா பேனாவால் பெரிது பெரிதாகத் தன் ஃபோன் எண்ணை எழுதினாள். கூச்சத்தில் அந்தக் கை நெளிந்தது, ஆனால் விலகவில்லை.

வெர்னா ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு நின்றாள். வாகன நிறுத்தத்தில் அம்மா கையுறையைப் போடச் சொல்லி அதட்டினாள். சிறுமி தலையாட்டி மறுத்தாள். விரித்த உள்ளங்கையைக் குளிர்கோட்டில் படாமல் தள்ளிப் பிடித்தபடி காரில் ஏறி, முழங்கையால் கதவை இழுத்துச் சாத்தினாள்.