காலி உரலின் சத்தம்

பக்கத்து வீட்டுப் பிரயூன் உரலில் கைவைத்ததும் என் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த படம் ஆடியது. மனுஷன் மிளகாய் இடிக்கிறானா, கிணறு வெட்டுகிறானா!

"டேய், மெதுவா இடிடா! இங்க பல்லியே கீழ விழுந்துடுச்சு!" என்று சுவரைத் தட்டினேன்.

"மன்னிச்சுக்குங்க அக்கா! பூண்டு மட்டும்தான் பாக்கி!"

பிரயூன் மினிபஸ் ஓட்டுகிறவன். ஐம்பத்து மூன்று வயது வரை வெந்நீர்கூட வைத்ததில்லை. அவன் பெண்டாட்டி சம்லி செத்து ஞாயிற்றுக்கிழமையோடு நூறு நாள். அன்று ஒன்பது பிக்குகள் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, அந்தப் புண்ணியத்தை அவளுக்கு அனுப்பி வைப்பார்கள். சம்லியின் நுங்குக்காய்க் கறியைத் தன் கையாலேயே செய்து படைக்க வேண்டும் என்று இவனுக்குப் பிடிவாதம். தாய்லாந்திலேயே பனைக்குப் பேர்போன எங்கள் பெட்சபுரியில் பனைக்கா பஞ்சம்? இளங்காயைச் சீவித் தேங்காய்ப்பாலில் போட யாருக்கும் வரும். கறியின் உயிர் இடித்த மசாலாவில்தான் இருக்கிறது.

அங்கேதான் எனக்குச் சங்கடம். சம்லி ஜென்மத்தில் மசாலா இடித்ததில்லை. சந்தையில் மசாலா விற்கிற என்னிடம்தான் இருபத்திரண்டு வருஷமாக வாங்கினாள். எங்கள் ஊர் மாமியார்கள் மருமகளைக் காதால்தான் எடைபோடுவார்கள். உரல் சத்தம் சீராகக் கேட்டால் கெட்டிக்காரி. விட்டு விட்டுக் கேட்டால் சோம்பேறி. அதனால் சம்லி என் பொட்டலத்தைச் சட்டியில் கொட்டிவிட்டு, காலி உரலைத் தாளம் தப்பாமல் தட்டுவாள். கள்ளி! முன்னறையில் மாமியாருக்கு உச்சி குளிர்ந்துவிடும். கிழவி போய் நாலு வருஷம் ஆகியும் இவள் தட்டுவதை நிறுத்தவில்லை. "அவருகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க அக்கா" என்று கோயிலில் வைத்து என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள்.

திங்கட்கிழமை, ருசி பார்க்கச் சொல்லி முதல் கிண்ணம் கறி வந்தது.

"மிளகாய் வத்தல் ஊறவே இல்லடா. எலுமிச்சைப் புல்லு பல்லுல குத்துது!"

மறுநாள் வத்தலை ஊறவைத்தான். பிழியாமல் இடித்துக் கண்ணில் தெறிக்கவிட்டுக்கொண்டான். அதற்கு அடுத்த நாள் வத்தலையும் உப்பையும் முதலில் மசித்து, பிறகு புல், பேரரத்தை, கடைசியில் வெங்காயம், பூண்டு என்று வரிசை பிடித்துவிட்டான். யாரும் சொல்லித்தரவில்லை. உள்ளங்கைக் கொப்புளத்தில் துணி சுற்றிக்கொண்டு இடித்தான். ஐந்தாவது கிண்ணத்தை ருசி பார்த்தபோது எனக்குப் பொறாமையாகவே இருந்தது. முப்பது வருஷமாக இடிக்கிறவள் நான்!

ஆனால் தினமும் அவன் கேட்டது ஒன்றுதான்.

"சம்லி வச்ச மாதிரி இருக்கா அக்கா?"

"இல்லடா."

அவன் முகம் தொங்கிப்போகும். எனக்கு அன்று சோறு இறங்காது.

சனிக்கிழமை மத்தியானம் என்னால் பொறுக்கமுடியவில்லை. சத்தியமாவது ஒன்றாவது என்று ஒரு பொட்டலத்தை எடுத்துக்கொண்டு போனேன்.

"பிரயூன், ஒண்ணு சொல்லுவேன், கோவப்படக் கூடாது. நம்ம சம்லி..."

"உங்ககிட்டதான் மசாலா வாங்கினா. அதானே?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"வண்டி ஓட்றவன் அக்கா நான். காலியா ஓடுதா, ஆளோட ஓடுதான்னு சத்தத்துலயே தெரியும். உரலும் அப்படித்தான்."

"அடப்பாவி! அப்புறம் ஏன்டா ஒரு வாரமா உயிரை விடற? என்கிட்ட வாங்கியிருந்தா அவ கறி அப்படியே வந்திருக்குமே!"

அவன் உரலைத் துடைத்துக்கொண்டே சொன்னான். "அம்மா போனப்புறமும் தட்டினாளே, யாருக்காக? எனக்காகத்தானே. நான் வாசல்ல செருப்பைக் கழட்டறப்ப ஆரம்பிப்பா. அதைக் கேட்டாத்தான் வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கும். அவ தட்டினது பொய்யாப் போயிடக் கூடாது அக்கா. சத்தத்தை அவ போட்டுட்டா, மசாலாவை நான் போடறேன். ருசி அவளுக்குப் பழகினதா இருக்கணும். அது உங்களுக்குத்தானே தெரியும்? அதான் உங்களையே கேட்டேன்."

பொட்டலத்தைப் பையிலேயே அமுக்கிவிட்டேன். இப்படி ஒரு ஆம்பளையை இந்தத் தெருவில் நான் பார்த்ததில்லை.

"இறால் விழுதை வாழை இலையில மடிச்சுச் சுட்டுப் போடு," என்றேன். என் மகளுக்குக்கூட நான் சொல்லாத தொழில் ரகசியம் அது.

சுட்டான். இடித்தான். நான் சமையலறை வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். அடி ஒவ்வொன்றும் அழுத்தமாக, அதே தாளத்தில் விழுந்தது. இந்த முறை உரல் காலியாக இல்லை.

கறி கொதித்ததும் கரண்டியை நீட்டினான்.

"சம்லி வச்ச மாதிரி இருக்கா அக்கா?"

"இருக்குடா," என்றேன்.