இடது கை விளக்கம்

அறுபத்துநாலாம் வருஷத்து மார்கழியில் ஒரு நாள் காலை, கிராம சேவிகை மீனம்பாள் செஞ்சியிலிருந்து தளவானூருக்கு சைக்கிளில் போய்க்கொண்டிருந்தாள். அங்கே எட்டு மணிக்கு மாதர் சங்கக் கூட்டம். பத்தடிக்கு மேல் ஒன்றும் தெரியாத பனி. மெதுவாகத்தான் மிதித்தாள், மணியையும் விடாமல் அடித்தாள். ரோடு போட வந்தவர்கள் பாதி ரோட்டை அடைத்து ஜல்லியைக் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். ஒரு லாந்தர் இல்லை, ஒரு சிவப்புத் துணி இல்லை. முன்சக்கரம் குவியலில் ஏறிச் சரிந்ததில் அவளுடைய வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

வைக்கோல் வண்டிக்காரர் ஒருவர் தூக்கி ஏற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார். மாவுக்கட்டுப் போடும்போதே கம்பவுண்டர், பொம்பளைக்கு சைக்கிள் எதற்கு என்று கேட்டார். பிறகு பார்க்க வந்தவர்களும் அதையேதான் கேட்டார்கள். அனந்தபுரத்திலிருந்து ஓடி வந்த அம்மா சின்னப்பொண்ணுகூட அழுது முடித்துவிட்டு அதையே கேட்டாள். ஜல்லியைக் கொட்டியவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்ட மீனம்பாளுக்கு இது பொறுக்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் கடைசி வரிசைக்கும் பின்னால், தனியாக உட்காரவைக்கப்பட்டுப் படித்தவள் அவள். அனந்தபுரம் சேரியிலிருந்து சர்க்கார் உத்தியோகத்துக்கு வந்த முதல் பெண். ஆறு வருஷமாக வெயிலிலும் மழையிலும் பதினோரு கிராமம் சுற்றி வந்திருக்கிறாள். ஒரு நாளும் விழுந்ததில்லை.

டாக்டர் ஆறு வாரம் ஓய்வு எழுதிக் கொடுத்தார். இடது கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு முதல் வாரம் அம்மா ஊட்டிவிடத்தான் சாப்பிட்டாள். அம்மா நடவுக்குக் கிளம்பிப் போன பின் வீடு வெறிச்சென்று ஆகிவிட்டது. அவளுக்கு இரண்டு பொழுதுபோக்கு உண்டு. ஒன்று கேரம். அவள் வேலை பார்க்கும் பஞ்சாயத்து யூனியன் ஆபீஸ் போட்டியில் ஆண்கள் அத்தனை பேரையும் இரண்டு வருஷம் தோற்கடித்திருக்கிறாள். இன்னொன்று புல்புல் தாரா. வலது கையால் தந்தியை மீட்டி, இடது கையால் கட்டைகளை அழுத்தி வாசிக்கும் பெட்டி வாத்தியம் அது.

பக்கத்து வீட்டு அசீசுன்னிசா தையல் மெஷினை மூடி வைத்துவிட்டு மத்தியானங்களில் வருவாள். மீனம்பாள் இடது கையால் காயைச் சுண்டப் பழகினாள். முதல் நாலு நாள் ஸ்ட்ரைக்கர் பலகையை விட்டே பறந்தது. அப்புறம் காய்கள் குழிக்குப் போகத் தொடங்கின. புல்புல் தாராவுக்குத்தான் ஒரு கை போதவில்லை. "நீ கட்டையை அமுக்கு மீனம்பா, நான் கம்பியத் தட்றேன்" என்றாள் அசீசுன்னிசா. தாளம் அடிக்கடி தப்பும். இரண்டு பேரும் சிரித்துக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

அப்படி வாசித்துக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், ஆபீஸ் மேனேஜர் ஆதிமூலம் நாலு சாத்துக்குடியோடு பார்க்க வந்தார். கேரம் பலகையைப் பார்த்தார், வாத்தியத்தைப் பார்த்தார். உடம்பைக் கவனித்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் பியூன் பச்சைமுத்து ஒரு மெமோவைக் கொண்டுவந்தார். வலது கை முறிந்ததாக விடுப்பில் இருக்கும் மேற்படியார் கேரம் ஆடுவதும் வாத்தியம் வாசிப்பதும் நேரில் காணப்பட்டதால், விடுப்பை ஏன் ரத்து செய்யக் கூடாது என்று மூன்று நாளைக்குள் விளக்கம் தர வேண்டும்.

மீனம்பாளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. போன வருஷம் கிளார்க் தனசேகரன் சைக்கிளிலிருந்து விழுந்து கால் பிசகி ஒரு மாதம் வீட்டில் இருந்தார். அவர் வீட்டில் தினமும் சீட்டுக் கச்சேரி. அந்தக் கச்சேரியில் கூட உட்கார்ந்து ஆடியவரே இந்த ஆதிமூலம்தான்.

அசீசுன்னிசா பயந்துவிட்டாள். கை சரியாகும்வரை பலகையைப் பரண்மேல் போட்டுவிடலாம், ஜன்னலைச் சாத்திக்கொண்டு இருக்கலாம் என்றாள்.

"நான் இன்னா திருடிட்டனாக்கா, ஜன்னலச் சாத்திக்கினு இருக்க?" என்றாள் மீனம்பாள்.

அன்று ராத்திரிக்குள் இடது கையாலேயே விளக்கம் எழுதினாள். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பக்கம் சாய்ந்தது. நாலு தாள் கிழிந்து, ஐந்தாவதில்தான் தேறியது. மறுநாள் ஆபீஸுக்குப் பஸ் ஏறினாள். அசீசுன்னிசாவும் புல்புல் தாராவை முந்தானையால் மூடி எடுத்துக்கொண்டு, முணுமுணுத்தபடி கூடவே வந்தாள்.

ஆதிமூலத்தின் மேஜையில் பைல்களை ஒதுக்கிவிட்டு மீனம்பாள் வாத்தியத்தை வைத்தாள். இடது கையால் கட்டைகளை வரிசையாக அழுத்தினாள். கட்டைகள் டொக்டொக்கென்றன, ராகம் வரவில்லை. கிளார்க்குகள் பேனாவை வைத்துவிட்டுத் திரும்பினார்கள். பிறகு அசீசுன்னிசா கூச்சத்தோடு தந்தியைத் தட்டினாள். நாலு வரி ஒலித்தது.

"கட்டை அமுக்கற கை என்னுது, கம்பி தட்ற கை இவங்களுது. பாத்து எழுதிக்குங்க சார்" என்றாள் மீனம்பாள். "கை ஒடிஞ்சவ மூலையில உக்காந்து அழுதுகினு இருந்தாத்தான் லீவு செல்லுமா? தனசேகரன் சாருக்கு எத்தினி மெமோ குடுத்தீங்க?"

தனசேகரன் குனிந்துகொண்டார். இது ஆபீஸ், கச்சேரி மேடை இல்லை என்றார் ஆதிமூலம். குரலில் சுரத்து இல்லை. அவள் தாளை நீட்டினாள். அதில் பாதி விளக்கம், மீதி புகார். பாதி ரோட்டில் விளக்கில்லாமல் ஜல்லி கிடப்பதையும், அதை இந்த ஆபீஸே மேலிடத்துக்கு எழுதியிருக்க வேண்டும் என்பதையும் எழுதியிருந்தாள். அவர் படித்துப் பார்த்துவிட்டு, கையெழுத்து ரிஜிஸ்டரில் இருப்பதுபோல இல்லையே என்றார்.

"நீங்களே ஒரு கையெழுத்து எடது கையில போட்டுக் காட்டுங்க சார், பாக்கலாம்."

யாரோ ஒரு கிளார்க் சிரித்தார். ஆதிமூலம் தாளை வாங்கி ஆபீஸ் தபால் கட்டில் சேர்த்தார்.

ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது. மெமோவின் பேரில் மேல்நடவடிக்கை இல்லை. ஆனால் பனிக்காலத்தில் சைக்கிளைத் தவிர்க்கும்படி மேற்படியாருக்கு அறிவுரை கூறப்படுகிறது. ஜல்லியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துக் கேட்டு நின்றார் பச்சைமுத்து. மீனம்பாள், "அறிவுரை ஏற்கப்படவில்லை" என்று கோணல் எழுத்தில் எழுதி, அதன்கீழ் கையெழுத்துப் போட்டாள். பச்சைமுத்து அதை எழுத்துக்கூட்டிப் படித்தார். "நல்லாத்தான் எழுதியிருக்கம்மா" என்று சொல்லிவிட்டு, பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மாசியில் மாவுக்கட்டைப் பிரித்தார்கள். கை குச்சியாக இளைத்திருந்தது, பிரேக்கை இறுக்கிப் பிடித்தால் சுரீரென்றது. அடுத்த திங்கட்கிழமையே தளவானூருக்கு மிதித்தாள். குவியல் ரோட்டில் இல்லை. சங்கத்துப் பெண்கள் ஒரு நாள் கூலி வேலையை விட்டுவிட்டு, மண்வெட்டியும் கூடையுமாகப் போய் ஜல்லி முழுவதையும் ஓரத்துக்கு வாரிப் போட்டிருந்தார்கள். அதைச் சொல்லிப் பெருமையோடு நின்றாள் தலைவி தைலம்மாள்.

மீனம்பாளுக்குக் கண் கலங்கியது, கூடவே ஆத்திரமும் பொங்கியது. அவர்கள் இழந்த கூலியை எந்த ஆபீஸ் கொடுக்கும்? பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாள். கூலி விட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லும்படி தைலம்மாளிடம் சொன்னாள். வலது கை நடுங்கியதால் பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டாள்.